புதர்னு நினைச்சேன் சார்!

எங்கள் ஆபீஸில் வருஷா வருஷம் ஜூன் 5-ம் தேதி 'மரம் நடு விழா' உண்டு. உலகச் சுற்றுச்சூழல் தினமாம். காலை பத்து மணிக்கு எல்லோரும் காம்பவுண்டு ஓரம் கூடுவோம். மேனேஜர் மண்வெட்டியைப் பிடிக்கும் லட்சணத்தைப் பார்த்தாலே, அதற்கு முன் அவர் கையில் எடுத்த பெரிய ஆயுதம் ஸ்டேப்ளர்தான் என்று தெரிந்துவிடும். ஒரே கன்றைப் பதினாலு பேர் தொட்டுக்கொண்டு நிற்போம். 'கிளிக்!' அப்புறம் ஆளுக்கு ரெண்டு சமோசா. உள்ளே போய் ஏ.சி-யைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம்.

மூன்றாவது வருஷம்தான் எனக்கு உறைத்தது. கன்று புதுசு... குழி பழசு!

வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டேன். "அதே குழிதான் சார். வருஷா வருஷம் புதுசாத் தோண்ட எனக்கென்ன பைத்தியமா? பத்து நாள்ல செடி போயிடும். அதனால மூடாமலே வெச்சிருக்கேன்" என்றார், ரொம்பப் பொறுப்பாக.

இதை ரூமில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அடுத்த சில மாதத்தில் நானும் ஒரு குழி தோண்டப் போகிறேன், அதுவும் சொந்தக் காசில், என்று அப்போது தெரியாது.

ஊரிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். எங்கள் குலதெய்வம் திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன கிராமத்து ஏரிக்கரை ஐயனார். கோபுரம், பிராகாரம் என்று கற்பனை பண்ணாதீர்கள். ரெண்டு மண் குதிரை (ஒன்றுக்குக் காது கிடையாது), ஒரு சூலம், சின்ன மேடை. சுற்றி ரெண்டு ஏக்கருக்கு இருட்டாக ஒரு புதர். சின்ன வயசில் மொட்டை போடப் போனபோது எங்கள் ரப்பர் பந்து அதற்குள் போய்விட்டது. பாட்டி எடுக்க விடவில்லை. "அது அவர் இடம்டா. ஒரு சுள்ளிகூட எடுக்கக் கூடாது" என்றாள். பந்து இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சித்தப்பா சொன்ன விஷயம் இதுதான். "டேய், கமிட்டி போட்டாச்சு. பங்குனிக்குள்ள அந்தப் புதரையெல்லாம் ஜே.சி.பி. வெச்சு க்ளீன் பண்ணி, டைல்ஸ் போட்டு, மண்டபம் கட்டறோம். காது குத்த, பொங்கல் வைக்க வர்ற ஜனம் வெயில்ல நிக்குது பாரு... பத்தாயிரம் குடுத்தா கல்வெட்டுல பேரு!"

கல்வெட்டு என்று காதில் விழுந்ததும் மனிதனுக்கு என்ன ஆகிறது என்று யாராவது ஆராய்ச்சி பண்ண வேண்டும். ராஜராஜ சோழனுக்கு அடுத்தபடி நான்தான் என்ற தோரணையில், சித்தப்பா போனை வைப்பதற்குள் பத்தாயிரத்தை செல்போனிலேயே அனுப்பிவிட்டேன். வெயிலில் நிற்கிறார்கள் என்பதற்காக மரத்தை வெட்டுகிறோமே என்ற சின்ன சந்தேகம்கூட வரவில்லை, சார். அதுதான் ஆச்சரியம்.

இது நடந்தது 2023 கடைசியில். 2024 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ரூம்மேட் கேட்டான்: "பாண்டிச்சேரி போலாமா?" அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள் சட்டையை மாட்டிவிட்டேன். நான் எதை நினைத்துக்கொண்டு கிளம்பினேன் என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கும் இளைஞர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். என் ரூம்மேட், வீக் எண்டு வந்தால் பைனாகுலரும் கையுமாகக் குருவி பார்க்கிற கோஷ்டி.

விடியற்காலை ஐந்தரைக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குக் கொஞ்சம் முன்னால் கீழ்புத்துப்பட்டில் பைக்கை நிறுத்தினான். "இறங்கு. ஐயனார் கோயில்."

"ஏன்டா, சாமி கும்பிடவா மூணு மணிக்கு எழுப்பினே?"

"வாயை மூடிக்கிட்டு வா."

மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில். வரிசையாகச் சுடுமண் குதிரைகள். பின்னால்... அட, எங்கள் ஊர் புதர்! அதே இருட்டு, அதே பின்னிக் கிடக்கும் கொடிகள், ஆனால் அளவில் பல மடங்கு. உள்ளே போனதும் சட்டென்று குளிர்ந்தது. காலடியில் சருகு மெத்தை மாதிரி அமுங்கியது.

அவன் ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பெயர் சொன்னான். இது வீரை. இது இரும்பிலி. இது உலக்கைப் பாலை. பழம் தேனாக இருக்கும், தின்றால் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு ரெண்டு மணி நேரம் பேச முடியாது (என் மேனேஜருக்கு ஒரு கிலோ வாங்கிப் போகலாமா என்று யோசித்தேன்). இது காசா, பூக்கும் காலத்தில் கிளையெல்லாம் நீலமாகிவிடும். இதைத்தான் காயா என்று சங்க இலக்கியம் சொல்கிறது. 'காயாம்பூ வண்ணன்' என்று பெருமாளைச் சொல்கிறோமே, அந்தப் பூ! எங்கள் சித்தி தினம் காலையில் காயாம்பூ வண்ணனைக் கூப்பிடுகிறாள். அந்த மரம் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டரில் ஜே.சி.பி-க்காகக் காத்திருப்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"ஆறு மாசம் மழையே இல்லாட்டியும் இலையைக் கொட்டாது. அதான் இதுக்கு உலர் பசுமைமாறாக் காடுன்னு பேரு. இந்தியாவுல இருக்கிற காடுகளையெல்லாம் சாம்பியன், சேத்னு ரெண்டு பேர் வகை பிரிச்சு 1968-ல புஸ்தகம் போட்டாங்க. அதுல இதுக்குத் தனி இடம். நம்ம சோழமண்டலக் கடற்கரை ஓரம்தான் இதோட சொந்த ஊர். இதுல மிச்சம் இருக்கிறதுல முக்காவாசி இந்த மாதிரி கோயில் காடுங்கதான்டா. மத்ததெல்லாம் விறகாவும் வயலாவும் பிளாட்டாவும் போயாச்சு. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்துக்காரங்க 1990-கள்லேயே இங்க வந்து ஒவ்வொரு மரத்தையும் கொடியையும் எண்ணி அளந்து எழுதியிருக்காங்க."

"நான் இதையெல்லாம் புதர்னு..." என்று ஆரம்பித்தேன்.

"உஷ்!"

சருகுக்குள் ஏதோ நகர்ந்தது. கைக்குள் அடங்குகிற குருவி. வால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், வயிற்றுக்குக் கீழே குங்குமச் சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டின மாதிரி கறுப்புக் கோடு. பெயிண்டுக் கடை கேட்லாக்கை முழுங்கிவிட்டு வந்த மாதிரி இருந்தது! ஒவ்வொரு சருகாகப் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்கியது.

ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் அந்தப் பெயர். வடக்கே இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா பக்கமெல்லாம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருகிறதாம். அதற்கு வேண்டியது நிழல், ஈரம், சருகு. சருகைப் பெருக்கிக் கொளுத்திவிட்டால் அதற்குச் சாப்பாடு கிடையாது. ஆயிரம், ரெண்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வருகிறவனுக்கு இங்கே கிடைப்பது டைல்ஸ் என்றால் எப்படி இருக்கும்? (எனக்கு வயிற்றில் லேசாகப் புளி கரைய ஆரம்பித்தது இங்கேதான்.)

அங்கிருந்து ஆரோவில். தங்கக் கோளத்தைப் பார்த்து, பேக்கரியில் ரொட்டி தின்றுவிட்டு வருவதுதான் என் ஆரோவில் அறிவு. அவன் நேராகக் காட்டுக்குள் கூட்டிப்போனான்.

1968 பிப்ரவரி 28-ம் தேதி, 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த மண்ணை ஒரு கலசத்தில் போட்டு அந்த ஊரைத் தொடங்கியபோது, உள்ளூர் மண் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது! மிகையில்லை. அது ஒரு செம்மண் மேடு. மரம் போன பிறகு மழை நேராக மண்ணில் அடித்து, பள்ளம் பள்ளமாக அறுத்துக்கொண்டு கடலில் போய்ச் சேரும். அந்தச் சமயத்தில் கடலோரம் செக்கச்செவேல் என்று இருக்குமாம். பழைய போட்டோவைப் பார்த்தால் நிழலுக்கு ஒரு பனை, தூரத்தில் ஒரு ஆலமரம். அவ்வளவுதான்.

எங்களுக்கு வழி காட்டியவர் பக்கத்து கிராமத்துக்காரர். அப்பா காலத்திலிருந்து இந்தக் காட்டு வேலை. ஒரு வரப்பின் மேல் நின்றுகொண்டு சொன்னார். "மொதல்ல மரம் நடல தம்பி. மொதல்ல கரை போட்டாங்க. ஓடற தண்ணியை நடக்க வைக்கணும், நடக்கறதை ஒக்கார வைக்கணும். தண்ணி ஒக்காந்தாதான் மரம் நிக்கும்."

கரை போட்டாச்சு. அடுத்து என்ன நடுவது? வெறும் செம்மண் கட்டாந்தரையில், சுள்ளென்ற வெயிலில், நம்ம வீரையும் பாலையும் பிழைக்காது. அவை நிழலில் வளர்ந்து பழகினவை. அதனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அக்கேஷியாவை நிறைய நட்டார்கள். அது கிடுகிடுவென்று வளரும், நிழல் தரும், இலை கொட்டி மண்ணைத் தேற்றும். ஆபீஸுக்குப் புதுசாக வருகிற டெம்பரரி ஸ்டாஃப் மாதிரி. வேலையெல்லாம் அவர்கள்தான் செய்வார்கள். பெர்மனென்ட் ஆட்கள் மெதுவாக வருவார்கள்!

பெர்மனென்ட் ஆட்களைத் தேடினபோதுதான் சிக்கல். எந்த நர்சரியிலும் வீரைக் கன்று கிடையாது. யார் வாங்குவார்கள்? பூவும் காட்டாது, சட்டென்று வளரவும் வளராது. அவர் ஒரு பாக்கெட் கன்றைக் காட்டினார். முழங்கால் உயரம்கூட இல்லை. "வயசு ரெண்டு" என்றார். என் அக்கா பையனே அதைவிட வேகம்.

"அப்போ விதைக்கு என்ன பண்ணீங்க?"

"வேற எங்க? ஐயனார் கோயில் காடு, அம்மன் கோயில் காடுன்னு ஊர் ஊராப் போய்ப் பொறுக்கினதுதான். சாமிக்குப் பயந்து ஜனங்க வெட்டாம வெச்சிருந்தாங்க பாருங்க... அது மட்டும் இல்லேன்னா இந்தக் காட்டுக்கு விதையே கெடையாது தம்பி. காசு குடுத்தாலும் கெடைக்காது."

எனக்குப் பத்தாயிரம் ரூபாய் ஞாபகம் வந்தது. விதைக் கிடங்கை இடிக்க அட்வான்ஸ் கொடுத்தவன் அவர் எதிரில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் அடித்த கதையையும் சொன்னார். விடிந்து பார்த்தால் அக்கேஷியாக்கள்தான் ஏராளமாகச் சாய்ந்து கிடந்தன. காற்று வீசும் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த நம்ம மரங்கள் முப்பது, நாற்பது அடிக்கு மேல் ஆசைப்படுவதில்லை. கொடியும் மரமுமாக ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். சாய்ந்த இடத்தில் விழுந்த வெளிச்சத்தில், கீழே காத்துக்கொண்டிருந்த உள்ளூர்க் கன்றுகள் எழுந்தன. அதில் பாதி யாரும் நட்டதே இல்லையாம். கொண்டைக்குருவியும் மைனாவும் மரநாயும் பழம் தின்றுவிட்டுப் போட்டவை. ஆரோவிலில் இதுவரை நட்டது 20 லட்சம் மரத்துக்கு மேல் என்கிறார்கள். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது அந்தக் கணக்கைச் சொல்லும்போது இல்லை. நடாமல் முளைத்த ஒரு காசாக் கன்றைக் காட்டும்போதுதான்.

"ஜூன் அஞ்சாம் தேதி நடுவீங்களா?" என்று அப்பாவியாகக் கேட்டேன்.

சிரித்துவிட்டார். "ஜூன்ல இந்தப் பக்கம் ஏது மழை? நம்மளுக்கு ஐப்பசி, கார்த்திகைதான். அதுக்கு முன்ன நட்டா குடம் தூக்கியே இடுப்பு போயிடும்." எங்கள் வாட்ச்மேன் அண்ணனின் நிரந்தரக் குழிக்கு விளக்கம் கிடைத்தது.

பக்கத்திலேயே சாதனா ஃபாரஸ்ட். 2003 டிசம்பரில் இஸ்ரேலிலிருந்து வந்த ஒரு குடும்பம், 70 ஏக்கர் கட்டாந்தரையில் இதே உலர் பசுமைமாறாக் காட்டைத் திரும்பக் கொண்டுவர ஆரம்பித்த இடம். வேலை செய்வது பெரும்பாலும் உலகெங்கிலுமிருந்து வரும் தொண்டர்கள். வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவன், காலேஜுக்கு லீவு போட்டவள் என்று எல்லோர் கையிலும் மண்வெட்டி. நம்ம மேனேஜர் பிடிக்கிற மாதிரி இல்லை, நிஜமாகவே வெட்டுகிறார்கள். ஒரே கஷ்டம், அங்கே பால், தயிர் எதுவும் புழங்குவதில்லை. ஃபில்டர் காபி இல்லாமல் காடு வளர்ப்பவர்களை நான் மனதாரக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எல்லாம் சுமுகம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2021 டிசம்பரில் ஆரோவிலுக்குள்ளேயே ரோடு போட மரத்தைச் சாய்க்க புல்டோசர் வந்தது. ஊர் ரெண்டு பட்டு, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கேயே அந்தக் கதி என்றால் எங்கள் ஊர்க் கமிட்டி எம்மாத்திரம்?

திரும்பி வரும் வழியில் ரூம்மேட் இன்னொன்றும் சொன்னான். சென்னையில் அடையாறு முகத்துவாரம் பக்கம் தொல்காப்பியப் பூங்கா இருக்கிறதே, அந்த 58 ஏக்கரும் ஒரு காலத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த இடம். 2011 ஜனவரியில் அது பூங்காவாகத் திறக்கப்படுவதற்கு முன், இந்த மரங்களையெல்லாம் அங்கே கொண்டுவந்ததில் ஆரோவிலின் பிச்சாண்டிக்குளம் குழுவுக்குப் பெரிய பங்கு. நான் நாலு வருஷமாக அதன் காம்பவுண்டு ஓரமாகத்தான் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறேன்!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நேராக ஊருக்குப் போனேன். ஜே.சி.பி. எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. 'சாம்பிளுக்கு' ஒரு மூலையில் இருபது சென்ட் க்ளீன். வீரை மரம் ரெண்டு, காசா எத்தனை என்று தெரியவில்லை, வேரோடு குவிந்து கிடந்தன. ஒரு வீரையை மட்டும் முந்தின நாளே ரம்பத்தால் அறுத்திருந்தார்கள், அடிக்கட்டை நின்றது.

கமிட்டிக் கூட்டத்தில் நான் பேசியதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பசுமைமாறா, பல்லுயிர், சாம்பியன், சேத் என்று மூச்சு விடாமல் எடுத்து விட்டேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பிக்குப் பணம் திருப்பி வேணுமாம், குடுத்துடுங்கப்பா" என்றார்.

காப்பாற்றியது நான் இல்லை. மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பெரிய ஆயா. "ஏன்டா, அவரு குதிரை ஏறி ராவுல ஊரச் சுத்தி வர்றவரு. வந்து எறங்கி ஒக்கார நெழல் வேணாமா? ஐயனாரு என்னிக்குடா ஒங்கள டைல்ஸ் கேட்டாரு?"

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஆயாவுக்குப் பதில் சொல்லலாம், ஐயனாருக்கு யார் சொல்வது? கடைசியில் சித்தப்பாதான் ரூட்டை மாற்றினார். மண்டபம் உண்டு, ஆனால் காட்டுக்குள் இல்லை, ரோட்டோரம் கிராமப் பொது இடத்தில், பாதி சைஸில். தலைவருக்குப் பாதி சம்மதம். முகம் மட்டும் இன்னும் என்னைப் பார்த்தால் உலக்கைப் பாலை தின்ற மாதிரி இருக்கும்.

அந்த இருபது சென்ட்? அதற்கு வழி தெரியவில்லை என்று ஆரோவில் அண்ணனுக்கே போன் போட்டேன். "மொதல்ல கரை" என்றார். போட்டோம். அந்த ஐப்பசியில், ரெண்டு பைக்கில் மூன்று நடையாக நாற்பது கன்று கொண்டுபோய் நட்டோம். நட்டது நானும், ரூம்மேட்டும், ஊர்ப் பையன்கள் ஏழு பேரும். போட்டோ எடுக்க ஆள் இல்லை, எல்லார் கையிலும் சேறு. நாற்பதில் பதினொன்றை ஆடு தின்றது. மூன்று காரணம் தெரியாமல் செத்தது. மிச்சம் இருபத்தாறு நிற்கிறது. முழங்காலைத் தாண்டாமல், அவசரமே இல்லாமல். அறுத்த வீரைக் கட்டையிலிருந்து நாலு துளிர் வந்து, அது மட்டும் இடுப்பு உயரம் வந்துவிட்டது. கோயிலில் சருகு பெருக்கிக் கொளுத்துவதை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். பூசாரிக்கு அதில் இன்னும் வருத்தம்தான். "எடம் அசிங்கமா இருக்கு தம்பி" என்கிறார், ஒவ்வொரு தடவையும்.

2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஒரு கோயில் காட்டைத் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அந்தச் செய்தியை சித்தப்பாவுக்கு அனுப்பினேன். உடனே பதில்: "நமக்கும் போர்டு வைப்பாங்களா? பேரு போடுவாங்களா?" மனுஷனுக்குக் கல்வெட்டு ஆசை போகாது. (ரோட்டோர மண்டபத்துக் கல்வெட்டில் என் பெயர் ஒன்பதாவது வரியில் இருக்கிறது. இனிஷியல் தப்பு.)

ஆபீஸில் இந்த வருஷமும் ஜூன் 5 வரத்தான் போகிறது. கன்று கொடுக்கிறேன், ஐப்பசிக்குத் தள்ளிப்போடலாம் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன். "ஐப்பசியில சுற்றுச்சூழல் தினம் வராதே" என்று யோசிக்கிறார். சமோசா எந்த மாசத்திலும் கிடைக்கும் என்று எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

போன மழைக்காலம் முடிந்து ஒரு நாள், காலை ஆறே காலுக்கு சித்தப்பா போன்.

"டேய், கோயில்லேருந்து பேசறேன். இங்க ஒரு குருவிடா... வாலே இல்ல. பச்சையா, செவப்பா... சருகைப் புரட்டிக்கிட்டுத் திரியுது. ஒன் குருவி இதானா?"

தூக்கமெல்லாம் பறந்துவிட்டது. "சித்தப்பா, அசையாதீங்க. ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க!"

ஐந்து நிமிஷத்தில் வந்தது. ஃபிளாஷ் போட்டு எடுத்திருந்தார். படம் முழுக்கச் சருகு. நடுவில், பாதி மண்ணுக்குள் புதைந்து, நிறம் போன ஒரு ரப்பர் பந்து.